சென்னியப்பன் என்னோடு பேசிய நாள்

ஆவணி 5, ஞாயிறு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அமலோற்பவம் அம்மா. டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்காரர் அருளானந்தம் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நோட்டு வாங்கியது டாக்டரம்மா சொல்லித்தான். சென்னியப்பன் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தான், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான் என்று தினமும் குறித்து வைக்கவேண்டுமாம். "நோட்டு எதுக்குங்க? கண்ணபுரத்துச் சந்தையில நாப்பது வருசத்துக்கு எந்த மாட்டு ஜோடி யாரு கைக்குப் போச்சுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவனுங்க" என்றேன். "சந்தை எனக்குத் தெரியாது தாத்தா, நோட்டுதான் தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே இன்று: தண்ணீர் ஆறு டம்ளர். ஒன்றுக்கு ஐந்து தடவை. இட்லி மூன்று. நாலாவது இட்லியைத் தட்டோடு என் பக்கம் தள்ளிவிட்டான். தள்ளினானே தவிர வாயைத் திறக்கவில்லை.

நானும் சென்னியப்பனும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

ஆவணி 6, திங்கள்

அமலோற்பவம் அம்மா எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பேச்சுவார்த்தையே இல்லாத மனுசனுக்கு எதுக்குங்க நீங்க மூத்திரப் பாத்திரம் தூக்கறீங்க?"

காரணம் திலகவதி. சென்னியப்பனின் ஒரே மகள். நிறைமாதக்காரி. ஆஸ்பத்திரியில் வந்து உட்காரக் கூடாது என்று அவள் டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை லாரியில் வடக்கே போயிருக்கிறார். "மாமா, மூணே நாள் அப்பாவப் பாத்துக்குங்க" என்று அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது இல்லை என்று எப்படிச் சொல்வது? அவளுக்காக வந்தேன். புதன்கிழமை போய்விடுவேன். இதில் வேறொன்றும் இல்லை.

(அவர் வந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. – அமலோற்பவம்)

சென்னியப்பனுக்கு வந்தது கால் புண். வீட்டுப் பசு பாதத்தை மிதித்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரன், வலி தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துச் செருப்பைக் கழற்றிப் பார்த்தால் கட்டைவிரல் கறுத்துக் கிடக்கிறது. ஐம்பது வருடம் மாட்டின் குளம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவன், தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

சண்டைக் கதையையும் அமலோற்பவம் அம்மா கேட்டார். சொன்னேன்.

நாங்கள் இரண்டு பேரும் மாட்டுத் தரகர்கள். கண்ணபுரத்துச் சந்தை, சித்திரை மாதம். ஒரு மயிலைக் காளை, சாம்பல் நிறம். விற்கிறவன் பக்கம் நான், வாங்குகிறவன் பக்கம் அவன். நான் நாலு பல் என்றேன். மாட்டுக்குப் பல்லை வைத்துத்தான் வயது. நாலு பல் என்றால் இளங்காளை. ஆறு பல் என்றால் ஒரு வயது கூட. சென்னியப்பன் காளையின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, சந்தைக்கே கேட்கிற மாதிரி, "ஆறு பல்லு! அங்கப்பனுக்குக் கண்ணு போச்சுடோய்!" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். "நாலுதான்" என்றேன். "ஆறு" என்றான். பேரம் முறிந்தது. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

"சரி, நெசமா எத்தனை பல்லு?" என்று கேட்டார் அமலோற்பவம் அம்மா.

தண்ணீர் ஐந்து டம்ளர். ஒன்றுக்கு ஐந்து.

ஆவணி 7, செவ்வாய்

பேசாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று வார்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். துண்டு எதற்கு இருக்கிறது?

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்கு அடியில் கையை விட்டு, ஒருத்தன் விரலை ஒருத்தன் பிடித்துச் சொல்வோம். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது. சண்டைக்குப் பிறகும் நாங்கள் ஒரே சந்தையில் எதிரெதிராகத் தரகு பார்த்தோம். அவன் முகம் கிழக்கே, என் முகம் மேற்கே, துண்டுக்கு அடியில் கை மட்டும். விரல் பேசுவது பேச்சில் சேராது. இரண்டு பேருமே அப்படித்தான் வைத்துக்கொண்டோம்.

இங்கேயும் அதேதான். ஒரு விரலைப் பிடித்தால் தண்ணீர். இரண்டு பிடித்தால் மூத்திரப் பாத்திரம். மூன்று பிடித்தால் தலைமாட்டை உயர்த்தவேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று நடக்கும். முதலில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடிப்பான், விட்டுவிட்டு இன்னொரு விரல். ஆறு. நான் விடுவேனா? நாலைப் பிடிப்பேன். அவன் கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிவிடுவான். எனக்கும் அதன் பிறகுதான் தூக்கம் வரும்.

இன்று சிஸ்டர் வனரோஜா செய்கிற ஒரு காரியத்தைக் கண்டுபிடித்தேன். நாடி பார்ப்பது மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், கண் மட்டும் அவன் நெஞ்சின் மேல் இருக்கும். பிடித்த கை சும்மா. எண்ணுவது மூச்சை.

"ஏனுங்க சிஸ்டர், நாடி புடிக்கற மாதிரி ஏமாத்தறீங்க?" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது. "கண்டுபிடிச்சுட்டீங்களா? மூச்ச எண்ணறேன்னு சொன்னா ஆளுங்க மூச்ச மாத்தி விட்டுருவாங்க தாத்தா."

"மாடும் அப்படித்தானுங்க. முன்னால நின்னு பாத்தா ஒழுங்கா விடும். பின்னால நின்னு விலாவப் பாக்கோணும்."

அப்புறம் அவரே விளக்கினார். உடம்பில் ஒரு இடத்துப் புண்ணின் கிருமிக்கு எதிராக உடம்பு மொத்தமும் நிலைகுலைந்து போவது ஒன்று உண்டாம். அது வந்தால் மணிக்கணக்கில் ஆளைக் கவிழ்த்துவிடும். ரத்தம் எடுத்துச் சோதிக்கும் முன்னால், கட்டில் பக்கத்திலேயே மூன்று பார்க்கலாம். மூச்சு நிமிடத்துக்கு இருபத்திரண்டோ அதற்கு மேலோ இருக்கிறதா? பிரஷரில் மேல் எண் நூறோ அதற்குக் கீழோ இறங்கிவிட்டதா? ஆள் எப்போதும் போல் இல்லாமல் புத்தி தடுமாறுகிறானா? மூன்றில் இரண்டு இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்.

"ரெண்டு எண்ணு, ஒண்ணு ஆளு" என்றேன்.

"எண்ணு நான் பாத்துக்குவேன். ஆளு எப்பவும் எப்படி இருப்பாருன்னு கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

கெட்டிக்காரப் பெண். சந்தைக்கு வந்திருந்தால் எங்கள் பிழைப்பு போயிருக்கும்.

ஆவணி 8, புதன்

தண்ணீர் ஏழு டம்ளர். ஒன்றுக்கு ஆறு தடவை. அவன் ஆறு. நான் நாலு.

ஊருக்குப் போகவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும்.

ஆவணி 9, வியாழன்

காலையில் எல்லாம் சரியாக இருந்தது. ஏழு மணிக்கு சிஸ்டர் மூன்றையும் பார்த்தார். மூச்சு பதினெட்டு. பிரஷர் நூற்றிருபது. ஆள் வழக்கம் போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் மட்டும் இரண்டு வாய்தான் குடித்தான். ஒன்றுக்கு ஒரே தடவை, அதுவும் கொஞ்சம், டீ நிறத்தில். அதை நான் அமலோற்பவம் அம்மாவிடம் எழுதச் சொன்னேன்.

பத்தரை மணி இருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் துண்டுக்கு அடியில் கையை விட்டேன். அவன் விரலைப் பிடிக்கவில்லை. கையையே பிடித்துக்கொண்டான்.

"அங்கப்பா" என்றான்.

முதலில் வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன்.

"அங்கப்பா, மெலிஞ்சு போயிட்டயேடா. சோறு யாரு பொங்கறா?"

"நானேதான்" என்றேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அருளானந்தம் படுத்தபடியே "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்று சத்தம் போட்டார். எதிர்க்கட்டில்காரர் கைதட்டினார். அவர் மருமகள் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து வார்டு முழுக்கக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

சென்னியப்பன் பேசிக்கொண்டே போனான். "பாவாயி சாவுக்கு நான் உள்ள வரல. வேலிக்கு வெளியவே நின்னுட்டுப் போயிட்டேன்டா."

பாவாயி என் சம்சாரம். அவள் போய்ப் பதினோரு வருடம். அவன் வந்தது எனக்குத் தெரியும். காலையில் வேலி ஓரம் ஈர மண்ணில் அவன் டயர் செருப்புத் தடம் இருந்தது, இடது குதிகால் தேய்ந்த தடம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இடையில் நான் டீ குடிக்கக் கீழே போய் அரை மணி நேரம் கழித்து வந்தேன்.

(போகவில்லை. அந்த அரை மணியும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, கையை விடாமல், சிரித்துக்கொண்டிருந்தார். – அமலோற்பவம்)

அப்புறம் அவன் சொன்னான்: "அந்த மயிலைக்கு நாலு பல்லுதான்டா. நீ சொன்னதுதான் நெசம்."

வார்டே மறுபடி கைதட்டியது. எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. சென்னியப்பன் என்னோடு பேசலாம். அழக்கூடச் செய்யலாம். ஆனால் நாலு பல் என்று சொல்ல மாட்டான். புத்தி இருக்கிறவரைக்கும் சொல்ல மாட்டான்.

அவன் முகத்தை விட்டுவிட்டு விலாவைப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். மூச்சு இழுத்து இழுத்து ஓடுகிறது. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்று வரும்வரை எண்ணினேன். இருபத்தாறு.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். "இவனுக்குப் புத்தி தடுமாறுதுங்க!"

வனரோஜா ஓடி வந்தார். "பேரு என்ன?" "சென்னியப்பன்." "எங்க இருக்கீங்க?" "ஆஸ்பத்திரி." "என்ன கிழமை?" "வேசாலக்கெழம." எல்லாம் சரியாகச் சொல்கிறான் பாவி! சிஸ்டர் நெற்றியில் கை வைத்தார். "காய்ச்சல்கூட இல்லையே தாத்தா. சண்டை தீந்துச்சுன்னு சந்தோசப்படுங்களேன்."

"அந்தக் காளைக்கு நாலு பல்லுங்கறானுங்க!"

"நீங்களும் அதத்தான சொன்னீங்க?"

"பொய்யுங்க சிஸ்டர்! ஆறு பல்லு! நான் சொன்னது பொய்யி!"

வார்டில் கடலை மிட்டாய் கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"காலங்காத்தால மசமசப்பு இருட்டுல பாத்துட்டு நாலுன்னுட்டனுங்க. அன்னைக்குச் சாயங்காலமே வாயத் தொறந்து எண்ணிப் பாத்தேன். ஆறு. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தன பேரு சிரிச்சப்புறம் எப்படீங்க ஒத்துக்கறது? இப்ப அவனே நாலுங்கறான். இது அவன் இல்லீங்க சிஸ்டர். மூச்ச எண்ணுங்க, இருவத்தாறு ஓடுது!"

அந்தப் பெண் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார், நெஞ்சைப் பார்த்தார். பிரஷர் பட்டையைச் சுற்றினார். அது உப்பி, இறங்கி, தொண்ணூற்று நாலில் நின்றது.

"மூணுக்கு மூணு" என்றார். பிறகு வார்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய குரல்.

டாக்டரம்மா ஓடி வந்தார். அவன் இரண்டு கையிலும் ஊசி. ரத்தம் எடுத்தார்கள். பாட்டில் தண்ணீரை வேகமாக இறக்கினார்கள். மருந்தை மாற்றி ஏற்றினார்கள். கால் கட்டைப் பிரித்தால், மேலே காய்ந்தது மாதிரி இருந்த புண்ணுக்குக் கீழே சீழ் கோத்துக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் "அங்கப்பா, அங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான்.

துண்டு என் கையிலேயே தங்கிவிட்டது.

ஆவணி 10, வெள்ளி

உள்ளே விடவில்லை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாக விலா தெரிகிறது. இருபத்திநாலு.

ஆவணி 11, சனி

கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். சீழ் முழுக்க வெளியே வந்துவிட்டதாம். காலையில் இருபத்திரண்டு. சாயங்காலம் இருபது. காவலாளி, "பெரியவரே, கண்ணாடிய மூக்காலேயே தேச்சு ஓட்ட போட்டுருவீங்களாட்ட இருக்குதே" என்றார். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நல்ல மனிதர், பேச்சுத்தான் குதர்க்கம்.

திலகவதி போனில் அழுதாள். "உங்கப்பன் பாட்டுக்கு மூச்சு உட்டுக்கிட்டுக் கெடக்கறான், நீ உன்ற வயித்தப் பாரு கண்ணு" என்றேன். வலி இன்னும் வரவில்லையாம்.

ஆவணி 12, ஞாயிறு

டாக்டரம்மா வெளியே வந்து, ஆபத்து தாண்டிவிட்டது என்றார். பிரஷர் மருந்து இல்லாமலே நூற்றிப் பத்தில் நிற்கிறதாம். "எப்படிங்க தாத்தா அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க? கேள்விக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொல்லியிருக்காரு" என்றார்.

"அரை மணி நேரம் முன்னாடியே சொல்லியிருந்தா விரல் தப்பிச்சிருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"விரல் வர்றப்பவே போயிருச்சு தாத்தா. நீங்க காப்பாத்துனது ஆள" என்றார்.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காற்று ஜாஸ்தி.

(காற்றே இல்லை. – அமலோற்பவம்)

ஆவணி 14, செவ்வாய்

வார்டுக்குத் திரும்பிவிட்டான். தள்ளுவண்டி உள்ளே வரும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்று அருளானந்தம் காத்திருந்தார். எதிர்க்கட்டில் மருமகள் மிட்டாய்ப் பையைக் கையிலேயே வைத்திருந்தாள். நானும் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றேன். அது பழைய சட்டை வேர்வையில் நனைந்துவிட்டதால்.

சென்னியப்பன் என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அடப் பாவி மனுசா!" என்றார் அமலோற்பவம் அம்மா.

எனக்கா? எனக்கு மனசெல்லாம் குளிர்ந்து போயிற்று. "சிஸ்டர், சரியாயிட்டானுங்க! மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்!" என்று வனரோஜாவிடம் ஓடினேன். அவரும் சிரித்துக்கொண்டே மூச்சை எண்ணினார். பதினேழு.

வியாழக்கிழமை பேசியது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லையாம். என்னிடம் சொல்லவில்லை. சிஸ்டரிடம் சொன்னான்.

தண்ணீர் ஐந்து டம்ளர். ஒன்றுக்கு ஐந்து.

ஆவணி 15, புதன்

திலகவதிக்குப் பெண் குழந்தை. மூன்றேகால் கிலோ. அமலோற்பவம் அம்மா போனில் படத்தைக் காட்டினார். சென்னியப்பன் பார்த்துவிட்டுத் துண்டை விரித்தான். கையை விட்டேன். என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தான். இப்படி ஒரு கணக்கு எங்கள் தரகில் கிடையாது.

ஆவணி 16, வியாழன்

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. தட்டைக் கழுவி வைத்தேன். அவன் துண்டை விரித்தான். சுவரைப் பார்த்தபடியே ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான், விட்டான், இன்னொரு விரல் பிடித்தான். ஆறு. பிடியில் பழைய பலம் இருந்தது.

நான் யோசித்தேன். நான் ஆறு என்று ஒத்துக்கொண்டது இந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். அருளானந்தத்துக்குத் தெரியும், எதிர்க்கட்டில் மருமகளுக்குத் தெரியும், கூட்ட வருகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். தெரியாதவன் அவன் ஒருத்தன்தான்.

அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டேன். இன்னொரு விரலைப் பிடித்தேன்.

துண்டுக்கு அடியில் அவன் கை அப்படியே நின்றது. அவன் மெதுவாகத் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், என் விலாவைப் பார்த்தான்.

"சிஸ்டர்!" என்று வார்டே அதிரக் கத்தினான். "சித்தெ இங்க வாங்க! இந்த ஆளு மூச்ச எண்ணிப் பாருங்க! புத்தி தடுமாறுது!"

வனரோஜா வந்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். "பதினெட்டு" என்றார்.

"பிரஷரு?"

பட்டையைச் சுற்றிப் பார்த்தார். "நூத்தி முப்பது."

சென்னியப்பன் படுத்தபடியே கூரையைப் பார்த்து யோசித்தான். "அப்ப தெளிவாத்தான் இருக்கானா?" என்று சிஸ்டரிடம் கேட்டான்.

"தெளிவாத்தான் இருக்காரு. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

அவன் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து எழுந்தேன். துண்டுக்கு அடியிலிருந்து என் கை வரவில்லை. பிடித்திருந்தான்.

தண்ணீர் எட்டு டம்ளர். ஒன்றுக்கு ஏழு தடவை. அவன் ஆறு. நான் ஆறு.